ஏட்டின் மூலையிலே பெண்!

ஏட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்டுவோர் நம் நாட்டிலே ஏராளம். அரசியல் கசக்கிறது, விலைவாசி சுடுகிறது. ஆட்டக்களத்திலேயாவது சற்று இளைப்பாறுவோம் என்று எண்ணும் எளிய உள்ளங்கள்! திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்திலே, பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையிலே, வெங்காயப் பேட்டையின் வாயிலிலே, விடியற்காலையில் ஒரே ஏடு நான்காகப் பிரிந்து நால்வர் கைக்குப் போகிறது. அந்த நான்கிலே முதலில் பறிபோவது எது? விளையாட்டுப் பக்கம்!

அந்தப் பக்கத்தை விரியுங்கள், தோழர்களே! ஆடவர் ஆடிய ஆட்டம் எத்தனை பத்தி? மகளிர் ஆடிய ஆட்டம் எத்தனை வரி? மட்டையைத் தூக்கிய ஆடவனின் முழு உருவம் அரைப் பக்கத்தை நிறைக்கும். நாட்டுக்கு வெற்றி தேடித்தந்த பெண்ணோ, மூலையிலே, விளம்பரத்துக்கும் வானிலை அறிக்கைக்கும் இடையிலே ஒதுங்கி நிற்பாள். வீட்டிலே அடுக்களை மூலை. ஏட்டிலே பக்கத்தின் மூலை. மூலை மாறியிருக்கிறது, முறை மாறவில்லை!

இந்த நிலையிலே, நம் ஊர் முத்தையா அரசு மகளிர் கல்லூரியிலோ காந்திகிராமத்துப் பல்கலைக்கழகத்திலோ பயிலும் ஒரு மாணவி, “மகளிர் விளையாட்டை எழுதும் நிருபராவேன், அதுவே என் தொழில்” என்று கூறுகிறாள் என வைத்துக்கொள்வோம். என்ன விடை கிடைக்கும் அவளுக்கு?

“பொம்பளைப் பிள்ளை ஓடுவதே பொருந்தாது, அதைப் பார்த்து எழுதுவது ஓர் உத்தியோகமாக்கும்?” என்பாள் அப்பத்தா. “எழுதலாம் அம்மா, படிப்பவர் யார்?” என்பார் ஏட்டின் நிர்வாகி. “பெண்ணைப் பற்றிப் பெண்ணே எழுதினால் நடுநிலை என்னாவது?” என்பார் கற்றறிந்தவர்.

மூன்று விடைகள். மூன்றும் மூன்று பூட்டுகள். பூட்டுக்குப் பேர்போன ஊர் நம் ஊர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே இந்த மூன்று பூட்டுகளையும் திறந்து பார்க்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு. திறந்த பிறகு நான்காவதாக ஒரு கேள்வி காத்திருக்கிறது. அது பிறர் அவளைக் கேட்பதன்று. அவளே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது. நான்கிலும் கடினமானது அதுதான்.

விழாதவர்கள் விழுந்த கதை

முதற்பூட்டு: பெண்ணுடல் தாங்காது!

பழைய பல்லவி இது. ஒலிம்பிக் பந்தயங்களைப் புதுப்பித்த பிரெஞ்சு நாட்டுப் பிரபு குபெர்த்தேன், பெண்கள் பந்தயத்தில் இறங்குவது அழகுமன்று, முறையுமன்று என்று 1912ஆம் ஆண்டிலே எழுதினார். வென்ற ஆடவனுக்கு முடிசூட்டுவதே மாதரின் வேலை என்பது அவர் கருத்து. 1900ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கிலே 997 பேர் கலந்துகொண்டனர். அவர்களிலே பெண்கள் 22 பேர். ஓட்டப் பந்தயத்திலே பெண்கள் கால்வைக்க 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1928, ஆகஸ்டு 2. ஆம்ஸ்டர்டாம் நகரம். மகளிர் 800 மீட்டர் இறுதி ஓட்டம். ஓடியவர்கள் 9 பேர். ஓடி முடித்தவர்களும் 9 பேர். செருமனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 நொடியில் வந்து முதலிடம் பெற்றார். அது உலக சாதனை. நடந்தது இது.

எழுதப்பட்டது எது? பெண்கள் சுருண்டு விழுந்தனர், தரையிலே துவண்டு கிடந்தனர், காணச் சகியாத காட்சி என்று ஏடுகள் கதறின. ஓர் எழுத்தாளர், ஓடியவர் 11 பேர் என்றார். அவர்களில் ஐவர் பாதியிலே நின்றுவிட்டனர் என்றார். மேலும் ஐவர் எல்லையைத் தொட்டதும் வீழ்ந்தனர் என்றார். ஒன்பதைப் பதினொன்றாக்கிய கணக்கு! ஓடி முடித்தவரை ஓடாதவராக்கிய எழுத்து! மூச்சு வாங்கியது உண்மை. களைத்துப் படுத்தவர் இருந்ததும் உண்மை. உலக சாதனை வேகத்திலே ஓடினால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது?

விளைவு என்ன தெரியுமா? மகளிர் 800 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்தே நீக்கப்பட்டது. மீண்டும் அது இடம்பெற்றது 1960ஆம் ஆண்டு ரோம் நகரிலே. நடுவே 32 ஆண்டுகள்! ஒரு தலைமுறைப் பெண்களின் கால்களுக்கு விலங்கு. அதை வார்த்த கொல்லுலை ஏடுகளின் பத்திகள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் காணுங்கள். 1908ஆம் ஆண்டு, இலண்டன் ஒலிம்பிக். இத்தாலியின் டொராண்டோ பியேத்ரி நெடுந்தொலை ஓட்டத்தின் கடைசிக் கட்டத்திலே தள்ளாடினார், வழி தவறினார், மீண்டும் மீண்டும் விழுந்தார். பிறர் தாங்கிப் பிடித்துத்தான் எல்லையைக் கடந்தார். ஆகவே வெற்றி அவருக்கு இல்லையென்று ஆயிற்று. ஆயினும் ஏடுகள் அவரை வீரரென்று போற்றின. அரசியார் தம் கையாலே கோப்பை ஒன்று வழங்கினார். ஆடவன் விழுந்தான், வீரனானான். பெண்கள் விழவில்லை, ஆயினும் விலக்கப்பட்டனர். இதற்குப் பெயர் உடற்கூற்று அறிவியலா? மனுவின் மறுபதிப்பு அல்லவா?

நம் வட்டாரத்தையே பார்ப்போம். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளிலே இரவு முழுதும் கால்கடுக்க நின்று இழை முடிகிறாளே ஒரு தங்கை, அவள் உடல் தாங்காது என்று யாராவது ஆலையை மூடினார்களா? நிலக்கோட்டையிலே, கிழக்கு வெளுக்கும் முன்பே குனிந்த முதுகு நிமிராமல் மல்லிகை பறிக்கிறாளே ஒரு தாய், அவளை வெயில் சுடும் என்று எவராவது குடை பிடித்தார்களா? உழைக்கும்போது அவள் இரும்பு. ஆடும்போது மட்டும் அனிச்சம்! பிறருக்காகப் பாடுபட்டால் பெண்ணுக்கு வலிமை உண்டு. தனக்காக, தன் மகிழ்ச்சிக்காக ஓடினால் வலிமை இல்லை! இந்த வாதத்தின் வேர் உடலில் இல்லை, உடைமை எண்ணத்தில் இருக்கிறது என்பதை இனியும் விளக்கவேண்டுமா?

எழுதுகோலும் ஓடுகளமும்

அதே 1928 ஓட்டத்திலே இரண்டாவதாக வந்தவர் யார்? சப்பான் நாட்டின் கினுவே ஹிதோமி. ஒலிம்பிக்கிலே பதக்கம் பெற்ற முதல் சப்பானியப் பெண் அவர். அவருக்குத் தொழில் என்ன? ஒசாகா நகரத்து மைனிச்சி நாளேட்டின் செய்தியாளர்!

1926ஆம் ஆண்டிலே அந்த ஏட்டில் சேர்ந்தார். அதே ஆண்டு சுவீடன் நாட்டிலே நடந்த உலக மகளிர் பந்தயங்களுக்குத் தம் நாட்டின் சார்பிலே தன்னந்தனியாகச் சென்றார். ஆம்ஸ்டர்டாமில் 100 மீட்டர் ஓட்டத்தின் அரையிறுதியிலே தோற்றார், தோற்றவர் துவண்டு திரும்பாமல் 800 மீட்டரிலே இறங்கினார், வெள்ளி பெற்றார். 1930ஆம் ஆண்டு பிராகு நகரத்துப் பந்தயங்களுக்குப் பிற பெண்களையும் அழைத்துச் செல்ல விரும்பி, நிதி திரட்டினார், கூட்டங்களிலே பேசினார், எழுதினார். 1931, ஆகஸ்டு 2, அந்தப் புகழ்பெற்ற ஓட்டத்தின் மூன்றாம் ஆண்டு நிறைவு நாளிலே, நுரையீரல் நோயினாலே மறைந்தார். வயது 24!

ஹிதோமியின் வாழ்வு குறுகியது. அது எழுப்பும் கேள்வியோ நீண்டது. மேடையிலே அமர்ந்து ‘விழுந்தார்கள்’ என்று எழுதியவர் நிருபர். களத்திலே ஓடி நிமிர்ந்து நின்றவரும் நிருபர். இவ்விருவரில் அந்த ஓட்டத்தின் உண்மையை அறிந்தவர் எவர்? “பெண்ணைப் பற்றிப் பெண் எழுதினால் நடுநிலை கெடும்” என்கின்றனரே, அவர்களைக் கேட்கிறோம்: 1928இலே அந்தப் பொய்யை எழுதியவர்களுக்கு நடுநிலை இருந்ததா? ஆடவரைப் பற்றி ஆடவரே நூறாண்டு எழுதினரே, அப்போது நடுநிலை கெட்டதென்று எவரேனும் கலங்கினரா? நடுநிலை என்பது எழுதுபவர் எந்தப் பாலில் பிறந்தார் என்பதிலே இல்லை; ஒன்பதை ஒன்பது என்று எழுதும் நேர்மையிலே இருக்கிறது.

எழுத்து பூட்டும், எழுத்தே திறக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நெடுந்தொலை ஓட்டத்திலே, 261 என்ற எண்ணை அணிந்து ஓடினார் கேத்ரின் ஸ்விட்சர். சிரக்கியூசு பல்கலைக்கழகத்திலே இதழியல் பயின்ற மாணவி. ஓடிக்கொண்டிருந்தவரை அதிகாரி ஒருவர் பாய்ந்து பிடித்து, எண்ணைக் கிழித்தெறிய முயன்றார். அருகே சென்ற செய்தியாளர் வண்டியிலிருந்த படக்காரர்கள் அந்தக் காட்சியைப் படம் பிடித்தனர். படம் உலகைச் சுற்றியது. விழாதவர்களை விழுந்தவர்களென்று சொன்ன எழுத்து 32 ஆண்டுகளுக்குக் கதவை அடைத்தது. உள்ளதை உள்ளபடி காட்டிய படம் அடைத்த கதவை அதிரவைத்தது. 1972இலே பாஸ்டன் ஓட்டத்திலே பெண்களுக்கு முறைப்படி இடம் கிடைத்தது. 1984இலே ஒலிம்பிக்கிலேயே மகளிர் நெடுந்தொலை ஓட்டம் வந்தது. அந்த ஓட்டத்தைத் தொலைக்காட்சியிலே விளக்கியவர்களில் ஒருவர், அதே ஸ்விட்சர்!

கண்ணாடியா, சாளரமா?

இரண்டாவது பூட்டுக்கு வருவோம்: “படிப்பவர் யார்?”

இந்தக் கேள்வியை இகழ்ந்து தள்ளிவிட நாம் ஒருப்படமாட்டோம். காகிதத்துக்கு விலை உண்டு. அச்சுக்குக் கூலி உண்டு. விற்காத ஏடு நிலைக்காது. இயக்க ஏடுகளை நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். “மக்கள் விரும்புவதைத் தருகிறோம், ஏடு ஒரு கண்ணாடி” என்று நிர்வாகி சொல்வதிலே ஓரளவு உண்மை இருக்கிறது.

ஓரளவுதான்! ஏனெனில், விருப்பம் வானத்திலிருந்து பொழிவதன்று, வளர்க்கப்படுவது. ஒருவனுடைய பெயரை நாள்தோறும் அச்சிடுகிறோம். அவன் ஊரை, அவன் உணவை, அவன் முழங்கால் வலியைக்கூட எழுதுகிறோம். பிறகு மக்கள் அவனை விரும்புகின்றனர். அவளுடைய பெயரை அச்சிடவே இல்லை. பிறகு மக்கள் அவளை விரும்பவில்லை என்கிறோம். கதவுக்கு மாங்காய்ப் பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பிலே செருகிக்கொண்டு, “யாருமே உள்ளே வர விரும்பவில்லையே!” என்று வருந்துவதைப் போன்றதன்றோ இது? பள்ளியைப் பூட்டி வைத்துவிட்டு, “இவர்களுக்குப் படிப்பு ஏறாது” என்றனரே முன்னொரு காலத்திலே, அந்த வாதத்துக்கும் இதற்கும் ஒரே குலம், ஒரே கோத்திரம்!

கணக்கும் நம் பக்கம் இருக்கிறது. அமெரிக்காவிலே ஆய்வாளர்கள் தொலைக்காட்சியின் விளையாட்டுச் செய்திகளை 30 ஆண்டுகள் அளந்தனர். 1989இலே மகளிர் விளையாட்டுக்குக் கிடைத்த நேரம் நூற்றுக்கு 5 பங்கு. 2009இலே அது 1.6 ஆகத் தேய்ந்தது. 2019இலே 5.4. இந்த இடைக்காலத்திலே அந்நாட்டுப் பெண்கள் வாளாவிருந்தனரா? 1991, 1999, 2015, 2019 என்று நான்கு முறை கால்பந்து உலகக் கோப்பையை வென்றனர். 1999ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தைக் காணக் களத்துக்கு வந்தவர்கள் 90,185 பேர்! தொண்ணூறாயிரம் மக்கள் திரண்டு வந்து காண்கின்றனர். பத்தாண்டு கழித்து அளந்தால் செய்தியிலே பெண்ணுக்கு இரண்டு பங்குகூட இல்லை. கண்ணாடி என்றால் எதிரே நிற்பதைக் காட்டவேண்டும். தொண்ணூறாயிரம் பேரைக் காட்டாத கண்ணாடியும் கண்ணாடியா?

நம் நாட்டுக் கதையும் இதுவே. இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம் 1973இலே தோன்றியது. ஆடவர் கிரிக்கெட்டை ஆளும் செல்வச் செழிப்புமிக்க வாரியம் மகளிர் ஆட்டத்தைத் தன் குடைக்கீழ் கொண்டுவந்தது 2006இலே. இடையே 33 ஆண்டுகள், பணமும் இல்லை, பத்தியும் இல்லை. 2005ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவிலே உலகக் கோப்பை இறுதி ஆட்டம்வரை சென்றனர் நம் பெண்கள். அன்று அவர்களுக்காக விழித்திருந்த ஊர் எத்தனை? 2017இலே இலண்டன் லார்ட்சு களத்திலே இங்கிலாந்திடம் 9 ஓட்டங்களில் தோற்றனர். அந்த ஆட்டத்தை நாடே கண்டது, காட்டப்பட்டதனாலே கண்டது. 2025, நவம்பர் 2, நவி மும்பை. தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று உலகக் கோப்பையைக் கையிலே ஏந்தினர். தெருவெல்லாம் வெடிச் சத்தம்! “படிப்பவர் யார்?” என்று கேட்டவர்களே மறுநாள் முதற்பக்கத்தை முழுதும் கொடுத்தனர்.

மகிழ்ச்சியே. ஆனால் கோப்பை வந்த பிறகு கொட்டை எழுத்திலே போடுவதற்கு நிருபரும் வேண்டாம், நெஞ்சுரமும் வேண்டாம். கோப்பை வருவதற்கு முந்தைய ஆண்டுகளிலே எழுதியவர் யார் என்பதே கேள்வி. உலகக் கோப்பையிலே நூறு ஓட்டங்கள் அடித்த முதல் இந்தியப் பெண் நம் தமிழ்நாட்டுத் திருஷ் காமினி, ஆண்டு 2013. மதுரையின் சேது கால்பந்துக் கழகத்து மகளிர் 2019இலே இந்திய மகளிர் லீக்கில் வாகை சூடினர். மதுரை நமக்கு வானத்திலா இருக்கிறது? திண்டுக்கல்லிலே பேருந்து ஏறினால் ஒன்றரை மணி நேரம்! அந்த வெற்றியை அறிந்தவர் நம்மிலே எத்தனை பேர்? நத்தம் கல்லூரித் திடலின் விளக்கொளியிலே ஆடவர் ஆடிய லீக் ஆட்டங்களின் எண்ணிக்கையை விரல்விட்டுச் சொல்லும் இளைஞர்கள், இந்த இரு பெயர்களைக் கேட்டால் விழிப்பதேன்?

ஆகவே ஏடு கண்ணாடி மட்டுமன்று, சாளரமும்கூட. எந்தத் திசையிலே சாளரம் வைத்தோமோ அந்தத் திசையைத்தான் வீட்டார் அறிவர். திசையைத் தேர்ந்தெடுத்தவர், “இத்திசைதான் உலகம்” என்று வாதிடுவது அறிவுடைமை ஆகாது.

ஆயினும் அந்த மாணவிக்கு ஒன்று சொல்லுவோம். படிப்பவரைத் திட்டிப் படிக்கவைக்க முடியாது. ‘பெண்ணாயிற்றே, பாவம், படியுங்கள்’ என்று கெஞ்சும் எழுத்து, பெண்ணையும் தாழ்த்தும், எழுத்தையும் தாழ்த்தும். அவள் பந்தை எப்படிச் சுழற்றினாள், எந்தக் கணத்திலே ஆட்டம் திரும்பியது, எதிரியின் எந்தத் தவறு பயன்பட்டது என்று ஆட்டத்தை ஆட்டமாக எழுது. இரக்கத்துக்கு ஒரு நாள் வாசகர் உண்டு. திறத்துக்கு என்றும் வாசகர் உண்டு.

வாயிற்படியிலே ஒரு வழக்கு

எழுத முன்வந்தால் போதுமா? உள்ளே விடவேண்டாமா? 1977ஆம் ஆண்டு, நியூயார்க்கு. மெலிசா லுட்கே என்னும் நிருபர், ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட்’ இதழுக்காக ஆடவர் பேஸ்பால் ஆட்டங்களை எழுத வந்தார். ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் வீரர்களின் அறைக்குச் சென்று பேட்டி காண்பது அங்கே வழக்கம். பெண் என்பதாலே இவருக்கு மட்டும் வாயில் அடைக்கப்பட்டது. வழக்கு மன்றம் சென்றார். தீர்ப்பளிக்க அமர்ந்தவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி; அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்திலே நீதிபதியான முதல் கறுப்பினப் பெண்மணி. 1978இலே அவர் தீர்ப்பளித்தார்: ஆடவ நிருபருக்கு உள்ள வாய்ப்பைப் பெண் நிருபருக்கு மறுப்பது சமத்துவத்துக்கு முரண். வீரர்களின் நாணத்தைக் காக்க ஒரு திரை போதும்; ஒரு தொழிலையே பறிக்கவேண்டியதில்லை!

நிறத்தாலே ஒதுக்கப்பட்ட இனத்தின் மகள், பாலாலே ஒதுக்கப்பட்ட பெண்ணுக்கு நீதி வழங்கிய காட்சி, நம் இயக்கத் தோழர்களின் நெஞ்சிலே நிற்கவேண்டிய காட்சி. ஒதுக்கலின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். அதன் முகம் ஒன்றுதான்.

அதே 1977இலே இந்தூர் நகரத்திலே, சந்திரா நாயுடு ஒலிபெருக்கி முன் அமர்ந்து கிரிக்கெட் ஆட்டத்தை வருணித்தார். இந்தியாவின் முதல் பெண் வருணனையாளர் அவர். 1989இலே பம்பாயின் ‘மிட் டே’ ஏட்டிலே விளையாட்டு நிருபராகத் தொடங்கிய சாரதா உக்ரா, பிறகு ‘இந்து’, ‘இந்தியா டுடே’, ‘கிரிக்இன்ஃபோ’ என்று முப்பதாண்டுக்கு மேலாக எழுதி, துறையிலே மதிக்கப்படும் பெயரானார். கதவு திறக்காது என்பது பொய். தட்டுகிற கை ஓயாமல் இருக்கவேண்டும், அவ்வளவே.

உண்மை யாருடைய உடைமை?

இப்போது நான்காவது கேள்வி. உள்ளே வந்தாயிற்று, எழுதுகோல் கையிலே. எதை எழுதுவாய்? எதை எழுதாமல் விடுவாய்?

2016ஆம் ஆண்டு, இரட்டையர் டென்னிசிலே உலகின் முதலிடத்திலே இருந்தார் சானியா மிர்சா. தொலைக்காட்சிப் பேட்டியிலே அவரிடம் கேட்கப்பட்டது என்ன? ‘வாழ்க்கையிலே நிலைபெறுவது எப்போது? தாய்மை எப்போது?’ உலகின் முதலிடத்திலே இருப்பவள் இன்னும் நிலைபெறவில்லையாம்! 2017இலே மிதாலி ராஜிடம், ‘உங்களுக்குப் பிடித்த ஆடவ ஆட்டக்காரர் யார்?’ என்று வினவினர். ‘இதே கேள்வியை ஆடவரிடம் கேட்பீர்களா?’ என்று திருப்பிக் கேட்டார் அவர். ஒரு கேள்விக்குள்ளே எத்தனை நூற்றாண்டு அழுக்கு ஒளிந்திருக்கிறது என்பதைத் திருப்பிப் போட்டால்தான் தெரிகிறது.

இவை சில்லறைக் குற்றங்கள். பெருங்குற்றம் ஒன்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியிலே ஏழைத் தொழிலாளர் குடும்பத்திலே பிறந்தவர் சாந்தி சௌந்தரராசன். 2006ஆம் ஆண்டு டிசம்பரிலே, தோகா ஆசியப் போட்டியிலே, 800 மீட்டர் ஓட்டத்திலே வெள்ளி வென்றார். அதே 800 மீட்டர்! அதன்பின் பாற்சோதனை என்ற பெயரிலே சோதிக்கப்பட்டார், பதக்கம் பறிக்கப்பட்டது. அறைக்குள்ளே இருக்கவேண்டிய மருத்துவச் செய்தி அங்காடிக்கு வந்தது. தொலைக்காட்சி அலறியது, ஏடுகள் அவர் உடலை எழுத்தாலே கூறுபோட்டன. தமிழ்நாட்டு அரசு 15 இலட்சம் ரூபாய் வழங்கி அவரை மதித்தது. அவரோ அதைக்கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தந்தார். எனினும் 2012இலே செங்கற்சூளையிலே நாட்கூலிக்கு மண் சுமந்த நிலையிலேதான் நாடு அவரை மீண்டும் கண்டது. பின்னர் பயிற்சியாளருக்கான படிப்பை முடித்துப் பயிற்சியாளராக நிமிர்ந்தார். அந்த நிமிர்வு அவருடையது; அந்த வீழ்ச்சியிலே ஏடுகளுக்குப் பங்கு உண்டு.

“நடந்ததைத்தானே எழுதினோம்? உண்மையை மறைப்பதா பகுத்தறிவு?” என்று கேட்பர். கேட்கவேண்டிய கேள்விதான். உண்மையைத் தெய்வத்துக்கும் மேலாக மதிப்பவர்கள் நாம். உண்மைக்கு எல்லை போடலாமா?

இரண்டு பதில்கள் சொல்லுவோம். முதலாவது: எழுதப்பட்டது உண்மையே அன்று. ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிகளுக்குள்ளே இயற்கை தன்னை அடக்கிக்கொள்வதில்லை என்பதை அறிவியல் அறியும். பிறவியிலேயே சற்று மாறுபட்ட உடலமைப்பு என்பது நோயுமன்று, ஏமாற்றுமன்று. சோதனையின் ஒரு துண்டை வைத்துக்கொண்டு ‘பெண்ணல்லள்’ என்று தீர்ப்பெழுதிய ஏடு, அறிவியலை எழுதவில்லை. மூடநம்பிக்கைக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டது. ஒடிசாவின் துத்தி சந்த் இதே போன்ற விதியை எதிர்த்து முறையிட்டபோது, அதற்குப் போதிய சான்று இல்லையென்று 2015இலே விளையாட்டு நடுவர் மன்றமே அந்த விதியை நிறுத்தி வைத்தது.

இரண்டாவது: எல்லா உண்மையும் எல்லாருடைய உடைமையன்று. களத்திலே அவள் ஓடிய ஓட்டம் பொதுவுடைமை. அவள் உடலின் உள்ளமைப்பு அவளுடைய தனியுடைமை. அவளைச் சோதித்த விதி நியாயமா, சோதித்த முறை சரியா, செய்தியைக் கசியவிட்டவர் யார் என்பவை ஊரார் அறியவேண்டிய உண்மைகள். ஏனெனில் அவை அதிகாரத்தைப் பற்றியவை. அந்த உண்மைகளை எழுதியவர் எத்தனை பேர்? அதிகாரத்தின் உண்மையை மூடிவிட்டு, எளியவளின் உண்மையை அவிழ்த்துக் காட்டுவதற்குப் பெயர் துணிவன்று. துச்சாதனன் செய்ததும் அதைத்தான்!

இந்த அளவுகோலைக் கையிலே வைத்துக்கொள்ளட்டும் நம் மாணவி: வலியவர் மறைப்பதை வெளியே கொண்டுவா, எளியவர் காப்பதைக் காத்துக்கொடு. நிருபரின் அறம் முழுதும் இந்த இரண்டு வரிகளுக்குள்ளே அடங்கும்.

நாள்தோறும் நிற்கும் கண்

வலியவர் மறைப்பது என்றோமே, அதற்கும் சான்று தருவோம். அமெரிக்காவிலே சீருடற்பயிற்சி ஆடும் சிறுமியருக்கு மருத்துவராக இருந்த லாரி நாசர், மருத்துவம் என்ற பெயரிலே பல ஆண்டுகள் கொடுமை புரிந்தான். 2016இலே ‘இண்டியானாபொலிஸ் ஸ்டார்’ என்னும் மாநில ஏட்டின் நிருபர்கள், அந்த விளையாட்டு அமைப்பு முறையீடுகளை எவ்வாறு புதைத்தது என்பதைத் தோண்டி எழுதினர். அதைப் படித்த ரேச்சல் டென்ஹாலண்டர் என்ற முன்னாள் வீராங்கனை, துணிந்து தம் பெயரோடு முன்வந்தார். அவர் பின்னே அணியணியாக வந்தனர் பெண்கள். 2018இலே நாசருக்கு 40 முதல் 175 ஆண்டுச் சிறை! 2023இலே நம் நாட்டு மல்யுத்த வீராங்கனைகள், ஒலிம்பிக் பதக்கம் வென்ற சாக்ஷி மாலிக் உட்பட, தில்லியின் சந்தர் மந்தர் வீதியிலே அமர்ந்து நீதி கேட்கவேண்டி வந்ததும் நினைவிருக்கும்.

இதிலே நாம் கற்கும் பாடம் என்ன? பதக்க நாளிலே மட்டும் மாலையோடு வரும் நிருபரின் கண்ணுக்கு மேடைதான் தெரியும். பயிற்சி நாளிலே, தோல்வி நாளிலே, மழையிலே ஆட்டம் நின்ற நாளிலே அங்கே நிற்பவரிடம்தான் ஒரு சிறுமி வாய் திறப்பாள். ஆகவே மகளிர் விளையாட்டுக்கென்று நிலையான நிருபர் வேண்டுமென்பது வெறும் சமநிலைக் கோரிக்கையன்று, காவற்கோரிக்கை. எங்கே ஏட்டின் கண் இல்லையோ அங்கே எளியவருக்குப் பாதுகாப்பும் இல்லை.

அளவுகோலை எடுங்கள்!

2024ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கிலே ஆடவருக்கும் மகளிருக்கும் சரிபாதி இடம் ஒதுக்கப்பட்டது. 1900இலே 22 பேர் நுழைந்த அதே நகரம்! களத்திலே பாதியைப் பெற்றுவிட்டார்கள் பெண்கள். ஏட்டிலே?

தோழர்களே! சாதியை ஒழிப்போம் என்று முழங்குகிறோம். பெண்ணடிமை தீர்ப்போம் என்று மேடை அமைக்கிறோம். நம் படிப்பகத்து மேசையிலே கிடக்கும் ஏட்டின் கடைசிப் பக்கத்தையும் அந்தக் கொள்கையின் கண்கொண்டு பார்ப்போம். ஒரு திங்கள் முழுதும் அளவுகோலை வைத்து அளவெடுங்கள்: ஆடவருக்கு எத்தனை அங்குலம், மகளிருக்கு எத்தனை அங்குலம் என்று குறித்து, அந்தக் கணக்கை ஏட்டின் ஆசிரியருக்கு அனுப்புங்கள். வசையை ஏடு குப்பைக் கூடையிலே போடும். கணக்கை எளிதிலே போடமுடியாது.

1985இலே மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது நம் திண்டுக்கல். மாவட்டத்துப் பள்ளிகளிலே, ஊர்த் திடல்களிலே கபடி ஆடும் பெண், கைப்பந்து ஆடும் பெண், வெறுங்காலோடு ஓடும் பெண் இருக்கிறாள். அங்கே செல்லுங்கள். அவள் பெயரை முழுதாக எழுதுங்கள். ‘இன்னார் மகள்’ என்று முடித்துவிடாதீர்கள். ஓடிய தொலைவையும் நேரத்தையும் பிழையின்றிக் குறியுங்கள். சாதியைக் கேளாதீர்கள், திருமணத்தைக் கேளாதீர்கள், ஆட்டத்தைக் கேளுங்கள்.

உங்கள் வீட்டுத் தங்கை, “நான் இதையே தொழிலாகக் கொள்வேன்” என்று சொன்னால், அப்பத்தாவின் அச்சத்தை அன்போடு ஆற்றுங்கள். தங்கையின் கையிலே ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். ஒன்பதை ஒன்பது என்று எழுதும் ஒரு கை அன்று ஆம்ஸ்டர்டாமிலே ஏடுகளின் வரிசையிலே ஓங்கியிருந்தால், 32 ஆண்டு இருள் உலகப் பெண்களுக்கு நேர்ந்திராது. அப்படி ஒரு கை திண்டுக்கல்லிலிருந்து எழட்டும்!